முழங்காலின் பின்னால் இரத்தக்குழாய் நெரிபட்டு ஒப்பரேஷன் செய்தவர்கள் திரும்ப நடக்க, ஓட, வேலைக்குப் போக: முழுமையான வழிகாட்டி

ஓடினால் கெண்டைக்கால் இறுகி நோகும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுப்போகும். பல மாதம் சதைப்பிடிப்பு என்று மருந்து பூசித் திரிந்து, கடைசியில் ஸ்கான் எடுத்துப் பார்த்தால், முழங்காலின் பின்னால் போகிற பெரிய இரத்தக்குழாயைக் கெண்டைச்சதையின் உள்பக்கத் தலையோ ஒரு நார்ப்பட்டையோ நெரித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒப்பரேஷன் முடித்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கும், வீட்டில் அவர்களைப் பார்க்கிறவர்களுக்கும் இது.

வன்னியில் இருப்பவர்களுக்கு மேலதிகமாக ஒரு சிக்கல் உண்டு. ஒப்பரேஷன் நடப்பது யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ. ஆனால் ஆள் இருப்பது ஒட்டுசுட்டானில், பூநகரியில், நெடுங்கேணியில். ஒரு கிளினிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி. பிழைகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. காயம் காய்ந்துவிட்டது என்று மூன்றாம் வாரமே மைதானத்தில் இறங்குகிற பொடியனும் உண்டு, பயத்தில் இரண்டு மாதம் கட்டிலை விட்டு இறங்காதவரும் உண்டு. இருவருக்கும் கால் பிந்தித்தான் தேறும்.

கீழே வாரக்கணக்குச் சொல்லியிருக்கும் இடமெல்லாம், அதற்கு முந்த வேண்டாம் என்பதற்காகத்தான். அந்த வாரம் வந்ததும் அதைச் செய்தே ஆகவேண்டும் என்று இல்லை. ஒரு படியில் தேறினால்தான் அடுத்தது. உங்களுக்கு ஒப்பரேஷன் செய்த டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர் அவர்.

1. துண்டு வெட்டமுன் (ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விடமுன்) கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதல் கேள்வி: சதையை மட்டும் விடுவித்தார்களா, இரத்தக்குழாயையும் மாற்றினார்களா? வயலுக்கு இறைக்கிற பம்பியின் குழாயை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்ற மாதிரித்தான் இந்த நோய். சிலருக்கு மிதித்த காலை எடுத்துவிட்டால் காணும். சிலருக்கு நெடுநாள் மிதிபட்ட இடத்தில் குழாயே பழுதாகியிருக்கும். அப்போது தொடையிலோ காலிலோ இருந்து ஒரு நாளத்தை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) எடுத்துப் புதுவழி போடுவார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது. சதையை மட்டும் விடுவித்தவர் எல்லாம் சரியாகப் போனால் மூன்று மாதமளவில் விளையாட்டுக்குத் திரும்பலாம். குழாய் மாற்றியவருக்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். பக்கத்துக் கட்டில்காரர் ஆறு வாரத்தில் ஓடினார் என்பதை வைத்து நீங்கள் ஓடக்கூடாது.

அடுத்து, எந்தக் குளிசை எவ்வளவு காலத்துக்கு? குழாய் மாற்றியவர்களுக்கு இரத்தம் கட்டிபடாமல் இருக்கப் பெரும்பாலும் அஸ்பிரின் கொடுப்பார்கள். முடிந்தவுடன் விட்டுவிடுவதா, தொடர்வதா என்பதை வாயால் கேட்காமல் டயக்னோசிஸ் காட்டில் (வீட்டுக்கு விடும்போது நோய் விவரம் எழுதித் தரும் அட்டை) எழுதி வாங்குங்கள். அந்தக் காட்டை உடனேயே போனில் படம் எடுத்து வையுங்கள். மழையில் நனைந்து எழுத்தழிந்த காட்டோடு கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஏராளம்.

முழங்காலை எவ்வளவு மடக்கலாம், எப்போது குந்தலாம் என்பதையும் கேளுங்கள். நகரத்து வைத்தியசாலையில் இதைத் தாமாகச் சொல்ல மறந்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக் கக்கூஸ் குந்துகிற கக்கூஸ் என்பது அவர்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கடைசியாக, பாதத்தில் நாடித்துடிப்பு எங்கே பிடிபடுகிறது என்று தாதியிடமோ டொக்டரிடமோ கேட்டு, பேனையால் ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். வீட்டில் இருக்கப்போகும் உங்களுக்கு இதைவிட உதவியான விடயம் வேறு இல்லை.

2. வீட்டில் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ஆள் வருவதற்கு முதல்நாளே இவற்றை முடித்துவிடுங்கள். வந்த பிறகு ஓடித் தேடுவது எல்லாருக்கும் சிரமம்.

கொமட் கதிரை ஒன்று வேண்டும். வாங்க வசதியில்லை என்றால் கிராமத்தில் முன்பு பாவித்தவர் யாரிடமாவது இரவல் கேளுங்கள். நடுவில் துளை வெட்டிய பிளாஸ்டிக் கதிரையும் சரி, கால்கள் ஆடாமல் இருந்தால். காரணம்: ஆழமாகக் குந்தும்போது முழங்காலின் பின்பக்கம் முழுதாக மடிகிறது. புதிய குழாய் போட்டிருந்தால் அந்த மடிப்பில் அது நெரியும். போடாவிட்டாலும் தையலை இழுக்கும்.

படுப்பது பாயில் என்றால் சில வாரத்துக்குக் கட்டிலுக்கு மாறுங்கள். நிலத்தில் இருந்து எழும்பும்போது முழங்கால் மடிந்து, உடம்பின் பாரம் முழுக்க அதில் ஏறும். சம்மணம் கட்டிச் சாப்பிடுவதும் இதே காரணத்துக்காக இப்போதைக்கு வேண்டாம்.

பாட்டாச் செருப்பை ஒதுக்கிவையுங்கள். விரலால் செருப்பைப் பிடித்து நடக்கும்போது கெண்டைச்சதை தேவையில்லாமல் இறுகும். ஈர முற்றத்தில் வழுக்கவும் செய்யும். பின்வார் உள்ள செருப்பு நல்லது.

தையற்காரர் பாவிக்கும் அளவு நாடா ஒன்று, ஒரு கொப்பி, பேனை. இவை ஏன் என்று பிறகு வரும். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990 வீட்டில் எல்லாருடைய போனிலும் இருக்கட்டும்.

3. முதல் இரண்டு வாரம்

இந்தக் காலத்தில் வேலை மூன்றே மூன்று: காயத்தைக் காப்பது, இரத்தத்தை ஓடவிடுவது, முழங்காலை நீட்டி வைத்திருப்பது.

பகலில் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை ஆட்டுங்கள். கெண்டைச்சதை சுருங்கி விரியும்போது கீழே தேங்கும் இரத்தம் மேலே தள்ளப்படும். படுத்தே கிடக்கிறவர்களுக்கு நாளத்தில் இரத்தம் உறைவது இதனால் குறையும். அலுப்பான பயிற்சிதான், ஆனால் விடாதீர்கள்.

நடப்பது முதல் நாட்களிலேயே தொடங்கவேண்டும். கட்டிலில் இருந்து குசினி, குசினியில் இருந்து விறாந்தை. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் நாளைக்கு நாலைந்து தடவை. ஊன்றுகோல் தந்திருந்தால் வெட்கத்தில் மூலையில் சாத்திவைக்காமல் பாவியுங்கள். நொண்டி நடந்து பழகினால் அந்தப் பழக்கத்தை மாற்ற இன்னொரு மாதம் போகும்.

இருக்கும்போது காலைத் தொங்கப்போட்டு நீண்டநேரம் இருக்காதீர்கள். வீக்கம் ஏறும். படுத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வையுங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிறார்கள்: தலையணையை முழங்காலுக்குக் கீழே மட்டும் செருகுவது. அது சுகமாக இருக்கும், ஆனால் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிடும், பின்பக்க இரத்தக்குழாயிலும் அழுத்தம் விழும். தலையணை குதிக்காலில் இருந்து கெண்டைக்கால் முழுவதையும் தாங்கவேண்டும்.

தையல் வெட்டுவது பொதுவாக 10 முதல் 14 நாளில். அதுவரை காயம் நனையக்கூடாது. கிணற்றடியில் குளிப்பதென்றால் காலைப் பொலித்தீனால் சுற்றி, கதிரையில் இருந்து, மேல் உடம்பை மட்டும் குளியுங்கள்.

அப்புறம் எண்ணெய். வீட்டில் அம்மம்மா இருந்தால் இது கட்டாயம் வரும். "தம்பி, சதை இறுகிப்போய்க் கிடக்கு, நோவெண்ணெய் போட்டு ஒருக்கா உரஞ்சிவிடட்டே?" அன்பில் கேட்பதுதான், ஆனாலும் வேண்டாம். காயத்தில் எண்ணெய் பட்டால் கிருமி பிடிக்கும். அதைவிடப் பெரிய காரணம், உள்ளே நாளத்தில் இரத்தக்கட்டி இருந்தால் அழுத்தி உரஞ்சும்போது அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். அம்மம்மாவைப் பாதம் ஆட்டுகிற கணக்கை எண்ணச் சொல்லுங்கள். அவவுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி.

சிகரட், பீடி, புகையிலை போட்ட வெற்றிலை மூன்றையும் இந்த இடத்தில் நிறுத்தவேண்டும். நிக்கொட்டீன் இரத்தக்குழாயைச் சுருக்கும். குழாய் மாற்றியவர் புகைத்தால் அது அடைபடுகிற வாய்ப்பு உயரும். இதில் நடுவழி எனக்குத் தெரிந்து இல்லை.

இறுக்கமான எலாஸ்டிக் காலுறை, பண்டேஜ் இரண்டையும் டொக்டர் சொன்னால் மட்டும் போடுங்கள். கடையில் விற்கிறது என்று வாங்கிப் போட்டால், புதிதாகப் போட்ட குழாயை நீங்களே நெரிப்பதாக முடியும்.

4. பாதத்தில் நாடி பார்க்கப் பழகுவது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் கை பழகிவிடும்.

கதிரையில் இருந்து காலை நீட்டுங்கள். பெருவிரலை மேலே தூக்கினால், அதில் இருந்து கணுக்காலை நோக்கி ஒரு நாண் புடைத்து நிற்கும். அந்த நாணுக்குப் பக்கத்தில், இரண்டாவது விரல் பக்கமாக, பாதத்தின் மேல் நடுப்பகுதியில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். விரலைத் தளரவிட்டுச் சற்றுப் பொறுங்கள். இரண்டாவது இடம், உள்கணுக்கால் எலும்புக்கும் குதிநாணுக்கும் நடுவில் உள்ள பள்ளம்.

பெருவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் பெருவிரலின் துடிப்பையே காலின் துடிப்பென்று நினைப்பீர்கள். அழுத்தியும் பிடிக்காதீர்கள், அழுத்தினால் துடிப்பு நின்றுவிடும், பிறகு பயந்துபோய் நடுச்சாமத்தில் ஓட்டோ பிடிப்பீர்கள். நல்ல சுகமாக இருக்கிறவர்களிலும் சிலருக்குப் பாதத்தின் மேல் துடிப்பு பிடிபடாது. அதனால்தான் துண்டு வெட்டமுன் புள்ளி போட்டு வரச் சொன்னேன்.

காலையில் ஒருமுறை, நடந்து வந்தபின் ஒருமுறை. இரண்டு காலையும் ஒப்பிடுங்கள்: துடிப்பு, சூடு, நிறம். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்பவேண்டும். கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். பாதத்தை முழுப்பலத்தோடு கீழே அழுத்தி நீட்டிக்கொண்டு துடிப்பு மறைகிறதா என்று சோதித்து, மறைந்தால் நோய் திரும்பிவிட்டது என்று சிலர் கலங்குகிறார்கள். நோயே இல்லாத பலருக்கும் அப்படிச் செய்தால் துடிப்பு மறையும். அந்தச் சோதனையை கிளினிக்கில் ஸ்கானோடு செய்யட்டும்.

5. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கால் திடீரென்று வெளிறி, குளிர்ந்து, ஓய்வாக இருக்கும்போதும் தாங்கமுடியாமல் நொந்தால், விறைத்தால், விரலை அசைக்க ஏலாமல் போனால், நேற்றுவரை பிடிபட்ட துடிப்பு இன்று காணாமல் போனால், உடனே 1990. இதற்கு மணிக்கணக்குத்தான் இருக்கிறது. விடியட்டும் என்று இருக்கக்கூடாது. சூடு ஒத்தடம் கொடுக்கவும் வேண்டாம். உணர்வு குறைந்த தோல் வெந்துவிடும்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோ, இரத்தத்தோடு இருமல் வந்தாலும் உடனே அழையுங்கள். காயத்தில் இருந்து இரத்தம் நிற்காமல் வந்தால் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அழையுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி, ஓயாமல் குத்துகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் சிவந்து சீழ் வடிந்தாலும் அப்படியே.

மாரிகாலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்கு நினைவுக்கு வரவேண்டும். டெங்குவில் அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். அதற்காக நீங்களாகக் குளிசையை நிறுத்தாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "அஸ்பிரின் எடுக்கிறேன், காலில் குழாய் மாற்றியிருக்கிறது" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். நோவுக்குக் கடையில் டைக்ளோஃபெனக், புரூஃபென் வாங்கிப் போடுவதும் வேண்டாம். அஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். பனடோல் காணும்.

6. நடை: இரண்டாம் வாரத்தில் இருந்து ஆறாம் வாரம் வரை

ஒழுங்கையில் உள்ள மின்கம்பங்களை அளவாக வையுங்கள். முதல்நாள் இரண்டு கம்பம் போய்த் திரும்புங்கள். அடுத்தநாள் காலையில் வீக்கம் கூடவில்லை என்றால் ஒரு கம்பம் கூட்டுங்கள். கூடியிருந்தால் அன்றைக்கு அதே தூரம்தான்.

வீக்கத்தைக் கண்ணால் மதிக்காமல் நாடாவால் அளவுங்கள். முழங்கால் சில்லின் கீழ் விளிம்பில் இருந்து பத்து சென்ரிமீற்றர் கீழே பேனையால் கோடு போட்டு, காலையில் எழும்பியவுடன் இரண்டு காலின் சுற்றளவையும் எழுதுங்கள். பின்னேரம் அளந்தால் எல்லாருக்கும் கூடத்தான் காட்டும். நாளம் எடுத்த காலில் வீக்கம் சில மாதம் வந்து போகும், அது வழக்கம். மூன்று நாள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் யோசிக்கவேண்டும்.

நேரம் முக்கியம். எங்கள் பக்கத்து வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் நடப்பது புத்தியில்லை. வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும். புதுக்குழாய்க்கு அது கூடாது. ஏழு மணிக்கு முன், இல்லாவிட்டால் ஐந்து மணிக்குப் பின். நடக்க முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். யானை வருகிற ஊர்களில் இருட்டோடு போகவேண்டாம், வெளிச்சம் வரட்டும். பின்னேர நடைக்கு டோர்ச் எடுங்கள், வரப்போரம் புடையன் பாம்பு கிடக்கும். நொண்டுகிற காலோடு துள்ளி விலக ஏலாது.

தார்வீதியோ இறுகிய கிறவல் வீதியோ நல்லது. வரம்பில் நடப்பது இப்போது வேண்டாம், கால் சறுக்கினால் கெண்டைச்சதை வெட்டி இழுக்கும்.

தேறியதற்கு அடையாளம்: சமதரையில் முப்பது நிமிடம், சாதாரண வேகத்தில், நொண்டாமல், நிற்காமல் நடக்கவேண்டும். அடுத்தநாள் காலையில் நாடா பழைய அளவையே காட்டவேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் எட்டாம் பகுதியில் உள்ள பயிற்சிக்குப் போகலாம். அதற்கு முன் ஏழாம் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

7. எந்த நோ எது?

எல்லா நோவையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் ஒருவர் பயந்து நிறுத்துகிறார், இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறார். கொப்பியில் நோ வந்த நேரம், தூரம், எவ்வளவு நேரத்தில் விட்டது என்று எழுதினால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

இரத்தம் போதாத நோ: ஏறத்தாழ ஒரே தூரத்தில் வரும். ஏழாவது கம்பம் என்றால் நாளைக்கும் ஏழாவது, எட்டாவது கம்பத்தில். கெண்டைக்கால் இறுகும், பாதம் விறைக்கலாம். நின்றால் சில நிமிடத்தில் முழுதாக விட்டுவிடும். திரும்ப நடந்தால் திரும்ப வரும். ஒப்பரேஷனுக்கு முன் உங்களுக்கு இருந்த அதே நோ, உங்களுக்கு அது பழக்கம். இது இரண்டு நாள் தொடர்ந்தால், எவ்வளவு லேசாக இருந்தாலும், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போகவேண்டும். "நின்றால் விட்டுவிடுகிறதுதானே" என்று தள்ளிப்போடுவதுதான் நான் கண்ட பிழைகளில் மோசமானது. நின்றால் விடுவதுதான் இந்த நோயின் அடையாளமே.

சதை நோ: நடக்கும்போது பெரிதாகத் தெரியாது. அடுத்தநாள் காலை கட்டிலால் இறங்கும்போது பிடிக்கும், கையால் அமத்தினால் நோகும், இரண்டு நாளில் போய்விடும். பயிற்சியைப் பாதியாக்குங்கள், நிறுத்தவேண்டாம்.

தழும்பு இழுவை: முழங்காலை நீட்டும்போது பின்பக்கம் இழுக்கும். அசைய அசையக் குறையும்.

நரம்பு: கெண்டைக்காலின் பின்பக்கமோ பாதத்தின் வெளிப்பக்கமோ ஒரு துண்டு விறைத்துக் கிடக்கும், சாரம் பட்டாலே கூசும், இடைக்கிடை மின்சாரம் அடித்த மாதிரி வெட்டும். தோலுக்கு அருகில் போகிற நரம்பு ஒப்பரேஷனில் இழுபட்டதால் வருவது. மாதக்கணக்கில் மெல்லத் தேறும். விறைப்பு பரவினாலோ பாதம் பலம் குறைந்து தொங்கினாலோ காட்டுங்கள்.

8. கெண்டைக்காலுக்குப் பலம் கொடுப்பது: நாலாம் வாரத்துக்குப் பின்

ஒப்பரேஷனில் கெண்டைச்சதையின் ஒரு தலையை விடுவித்திருப்பார்கள். நடைக்கு மிச்சச் சதை காணும், ஓட்டத்துக்குக் காணாது. நடை வந்ததும் நேரே ஓட்டத்துக்குத் தாவுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

முதலில் முழங்கால் முழுதாக நீளவேண்டும். படுத்து, சுருட்டிய துவாயைக் குதிக்காலின் கீழ் வைத்து, முழங்கால் தன் பாரத்தில் கீழே இறங்க ஐந்து நிமிடம் விடுங்கள். மற்றக் காலோடு ஒத்துவரும்வரை நாளைக்கு மூன்று தடவை.

பிறகு கதிரையில் இருந்தபடி குதிக்காலைத் தூக்கி இறக்குங்கள். அது சுலபமானால் சுவரைப் பிடித்து நின்று, இரண்டு காலாலும். பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு சுற்று முழங்காலை நீட்டி, ஒரு சுற்று சற்று மடித்து. மடித்துச் செய்யும்போது உள்ளே இருக்கிற மற்றக் கெண்டைச்சதை வேலை செய்யும். மேலே போவதைவிடக் கீழே இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள்.

அதற்குப் பிறகுதான் ஒற்றைக்கால். இருபத்தைந்து தடவை, குதிக்கால் முழு உயரத்துக்கு ஏறி. பத்துக்குப் பிறகு உயரம் குறைந்தால் அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சிலருக்குப் பிறவி அமைப்பில் பிழை இருக்காது. கெண்டைச்சதை அளவுக்கு மீறிப் பெருத்ததே குழாயை நெரித்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஜிம்மில் பாரம் வைத்துக் கெண்டைக்கால் வளர்ப்பது, போன நோயைக் கூப்பிட்டு இருத்துவது. உங்கள் நோய் எந்த வகை என்று கேட்டுவிட்டுத்தான் பாரம் தொடுங்கள்.

9. சைக்கிள், மோட்டார் சைக்கிள், பஸ்

சைக்கிளுக்குத் தையல் வெட்டி, காயம் முழுதாக மூடியிருக்கவேண்டும். சீற்றை உயர்த்துங்கள், மிதி கீழே போகும்போது முழங்கால் ஏறத்தாழ நீளவேண்டும். குதிக்காலுக்குக் கிட்டவாக மிதியுங்கள், விரல் நுனியால் மிதித்தால் கெண்டைச்சதையில் பாரம் விழும். பின் கரியரில் ஆள் ஏற்றவேண்டாம்.

மோட்டார் சைக்கிளில் சிக்கல் கிக் அடிப்பதும், திடீரென்று காலை ஊன்றுவதும். சடுதியாகப் பிரேக் அமத்த ஏலும் என்று நிச்சயமானபின் எடுங்கள்.

கொழும்பு கிளினிக் என்றால் வவுனியாவில் இருந்தே 250 கிலோமீற்றருக்கு மேல். முழங்காலை மடித்தபடி அவ்வளவு நேரம் இருப்பது நாளத்துக்கும் கூடாது, புதுக்குழாய்க்கும் கூடாது. ரயில் கிடைத்தால் ரயில், எழும்பி நடக்கலாம். பஸ் என்றால் நடைபாதைப் பக்கத்துச் சீற்றைக் கேளுங்கள், மடியில் பொதி வைக்காதீர்கள், இருந்தபடி பாதத்தை ஆட்டுங்கள், சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது நித்திரை கொள்ளாமல் இறங்கி நடவுங்கள்.

10. ஓட்டம்

தொடங்க முன் இவ்வளவும் தேவை: நாற்பத்தைந்து நிமிடம் விரைந்த நடை, ஒற்றைக்காலில் இருபத்தைந்து குதிக்கால் தூக்கல், அதே காலில் இருபது துள்ளல் நோவில்லாமல், டொக்டரின் சம்மதம். சதையை மட்டும் விடுவித்தவருக்கு இது ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் வராது. குழாய் மாற்றியவர்கள் ஸ்கான் பார்த்துச் சொல்லும்வரை ஓடவேண்டாம்.

ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். நன்றாகப் போனால் அடுத்த வாரம் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தூரத்தைக் கூட்டினால் வேகத்தைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டி நோ வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாது.

இடம்: பள்ளிக்கூட மைதானத்தில் புல் இருந்தால் முதலில் அது. பிறகு வீதி. இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளக்கட்டுகளின் மேல் சமமாக ஓடலாம், ஆனால் கட்டின் சரிவில் ஏறி ஓடுவது கடைசிப் பாடம். ஏற்றத்தில் பாதம் மேல்நோக்கி மடிந்து கெண்டைச்சதை முழுதாக இழுபடும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் அப்படித்தான். மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். குதிக்கால் புதையும்போது கெண்டைச்சதை இரட்டிப்பாக வேலை செய்கிறது.

விளையாட்டுக்கு இருபது நிமிடத் தொடர் ஓட்டம் வந்தபிறகுதான் திரும்பவேண்டும். கரப்பந்தாட்டத்தில் முதலில் நின்று பாஸ், சேர்வ். துள்ளி அடிப்பதும் தடுப்பதும் இரண்டு வாரம் கழித்து. உதைபந்தாட்டத்தில் நேர் ஓட்டம், பிறகு வளைந்த ஓட்டம், பிறகு பந்தோடு, கடைசியில் மோதல். மாணவர்கள் என்றால் வருடத் தொடக்கத்து இல்ல விளையாட்டுப் போட்டி ஒரு பெரிய ஆபத்து. "நானூறு மீற்றர் மட்டும் ஓடு தம்பி, இல்லத்துக்கு ஆள் இல்லை" என்று கேட்டால் பொடியனால் மறுக்க ஏலாது. பெற்றார் முன்கூட்டியே டயக்னோசிஸ் காட்டின் பிரதியோடு உடற்கல்வி ஆசிரியரைப் போய்ச் சந்தியுங்கள்.

11. வயல், தோட்டம், கடல், மேசன் வேலை

விளையாட்டுக்குக் காத்திருக்கலாம், வேலைக்குக் காத்திருக்க வீட்டுநிலை விடாது. அதனால் எது முதலில், எது பிந்தி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நின்று நடந்து செய்கிற லேசான வேலைகள் நடையில் தேறியவுடன். குந்தியிருந்து செய்வது, அதாவது களை பிடுங்குதல், கச்சான் பிடுங்குதல், தரையில் இருந்து ஓடு பதித்தல் எல்லாம், குந்தலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு. அப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி நடந்து. சின்னப் பலகையில் இருந்து செய்தால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள், பலகையிலும் முழங்கால் மடிகிறது.

மருந்தடிக்கிற தாங்கி 16 லீற்றர் என்றால் முதுகில் பதினாறு கிலோவுக்கு மேல். ஓட்டப் படியில் தேறமுன் தூக்கவேண்டாம். தூக்கினாலும் பாதி நிரப்புங்கள். நெல்மூட்டை அதற்கும் பிறகு.

சேற்றில் இறங்குவதற்கு இரண்டு தடை. ஒன்று, புதையும் காலை இழுக்கும்போது கெண்டைச்சதை படும் பாடு. மற்றது எலிக்காய்ச்சல். தையல் துளை ஒன்று திறந்திருந்தாலே கிருமிக்கு வழி காணும். காயம் முழுதாக மூடி, பொருக்கு விழுந்து, தோல் வந்தபின் மட்டும் இறங்குங்கள். இறங்க முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள், உங்கள் மற்றக் குளிசைகளையும் காட்டி.

கரைவலை இழுப்பது எல்லாவற்றிலும் கடைசி. குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மணிக்கணக்காக. முதலில் கயிறு சுருட்டுவது, மீன் தெரிவது என்று வாடியோடு நில்லுங்கள்.

12. கிளினிக்கும் ஸ்கானும்

நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கை விடாதீர்கள். குழாய் மாற்றியவர்களுக்கு, போட்ட நாளம் ஒடுங்கத் தொடங்கினால் ஆரம்பத்தில் ஒரு நோவும் தெரியாது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில்தான் தெரியும். தெரிந்தால் சரிசெய்யலாம், அடைபட்டபின் சிரமம். அதனால்தான் முதல் வருடத்தில் பல தடவை கூப்பிடுகிறார்கள்.

போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். "இடைக்கிடை நோகும் டொக்டர்" என்பதைவிட "பன்னிரண்டாவது நிமிடத்தில் வரும், நின்றால் மூன்று நிமிடத்தில் விடும்" என்பது அவருக்கு உதவும். ஓடும்போது மட்டும் நோ என்றால் அதையும் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது எடுக்கிற ஸ்கானில் தெரியாதது, பாதத்தை அழுத்தவைத்து எடுக்கும்போது தெரியலாம்.

மற்றக் காலையும் மறக்கவேண்டாம். இந்த நோய் பலருக்கு இரண்டு காலிலும் இருக்கும். ஒப்பரேஷன் செய்த கால் தேறி, நீங்கள் முன்னைவிடத் தூரம் ஓடத் தொடங்கும்போதுதான் மற்றக் கால் இறுகத் தொடங்கும். அதையும் அதே கொப்பியில், வேறு பக்கத்தில், முதல்நாளில் இருந்தே எழுதிவாருங்கள்.